ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலையை நிறுத்தியது எதற்காக? வாங்கிய சம்பளம் போதாதா?

ஆரப்பாளையம் குமார் கேட்டது:

2023-இல் அமெரிக்காவில் சினிமா, சீரியல் எழுதுகிறவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள் இல்லையா, அதை வைத்து நேற்று டீக்கடையில் எனக்கும் என் நண்பனுக்கும் பெரிய வாக்குவாதம். நான் கேட்டது இதுதான்: கொத்தனார் வீடு கட்டுகிறார், கூலி வாங்குகிறார், போய்விடுகிறார். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதாமாதம் வந்து பங்கு கேட்பாரா? எழுத்தாளர் மட்டும் ஏன் எழுதும்போதும் காசு வாங்கிக்கொண்டு, அது ஓடும்போதெல்லாம் மறுபடியும் காசு கேட்கிறார்? அங்கே குறைந்தபட்சச் சம்பளமே வாரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் என்கிறார்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். நண்பன் கோபத்தில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பர்பாங்க் பாலா:

நான் பர்பாங்க்கில் இருக்கிறேன். டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் எல்லாம் இருக்கிற ஊர். எனக்குச் சினிமா வேலை இல்லை, ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் டிவி எழுத்தாளர், அந்த ஐந்து மாதத்தையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான்.

உங்கள் கொத்தனாரிடமே வருகிறேன். கொத்தனாருக்கு மனை சொந்தமில்லை. நாவல் எழுதுகிறவருக்கு மனையும் அவருடையது, வீடும் அவருடையது, பதிப்பகம் அவரிடம்தான் உரிமை வாங்கவேண்டும். ஸ்டுடியோவுக்கு எழுதினால் அமெரிக்கச் சட்டம் அதைக் கூலிக்குச் செய்த வேலை என்று வைத்துவிடுகிறது. பத்திரம் முதல் நாளே கம்பெனி பேரில், சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கதையின் ஆசிரியரே கம்பெனிதான். மனையை இப்படி எழுதிக்கொடுத்ததற்கு ஈடாகத்தான் விளைச்சலில் ஒரு பங்கு கேட்டு வாங்கினார்கள். அங்கே அதற்கு ராயல்டி என்று பெயர் இல்லை, ரெசிடுவல் என்பார்கள். தியேட்டரில் ஓடிய படங்களை டிவிக்கு விற்கத் தொடங்கியபோது, 1960-இல், அதற்காகவே மாதக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். ஓய்வூதிய நிதியும் மருத்துவக் காப்பீடும் அந்தப் போராட்டத்தில் கிடைத்தவைதான். ஆகவே இது யாரும் மனமிரங்கிக் கொடுத்த போனஸ் இல்லை.

அந்தப் பணம் பச்சை நிற உறையில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் தபால்பெட்டியைத் திறந்ததும் முதலில் பச்சை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். முன்பு அவர் வேலை செய்த சீரியலுக்கு வருடத்துக்கு 22 அத்தியாயம். ஏறக்குறைய வருடம் முழுக்க வேலை இருக்கும், அடுத்த வேலை கிடைக்கும்வரை பழைய அத்தியாயங்களின் மறுஒளிபரப்புக்கு வரும் உறைகள் வீட்டு வாடகையைக் கட்டும். ஸ்ட்ரீமிங் வந்தபிறகு சீசனுக்கு 8 அத்தியாயம், 10 அத்தியாயம். படம் பிடிப்பதா வேண்டாமா என்று முடிவாவதற்கு முன்பே இரண்டு மூன்று பேரைச் சில வாரம் உட்காரவைத்து மொத்தக் கதையையும் எழுதி வாங்கிவிட்டு அனுப்பிவிட்டார்கள், இதற்கு மினி ரூம் என்று பெயர். ஆக நீங்கள் சொல்லும் வாரச் சம்பளம் உண்மை, ஆனால் வருடத்தில் எத்தனை வாரம்? அதிலும் ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம், பிறகு மேனேஜர், வக்கீல், வரி. குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாகச் சம்பாதித்தால் மருத்துவக் காப்பீடும் போய்விடும். 2013-14-இல் சீரியல் எழுத்தாளர்களில் மூன்றில் ஒருவர்தான் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருந்தார், 2021-22-இல் ஏறக்குறைய பாதிப்பேர் என்று கில்ட், அதாவது எழுத்தாளர் சங்கமே கணக்கு சொன்னது.

இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் அப்போது ரெசிடுவல் என்பது ஒரு நிலையான தொகையாக இருந்தது. ஓடினாலும் அதேதான், ஓடாவிட்டாலும் அதேதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற முழுக் கணக்கைக் கம்பெனிகள் காட்டவில்லை. ‘சூட்ஸ்’ என்ற தொடர் தெரியுமா? 2011-இல் கேபிளில் தொடங்கியது, 2023 கோடையில் நெட்ஃபிளிக்ஸில் வாரத்துக்கு 300 கோடி நிமிடம் பார்த்தார்கள். அதன் முதல் சீசனை எழுதிய ஒருவர் வெளிப்படையாக எழுதினார்: இரண்டு தளங்களில் காட்டியதற்கு ஒரு காலாண்டில் எழுத்தாளர்கள் ஆறு பேருக்கும் சேர்த்து வந்தது 3,000 டாலருக்குள். அவர் எழுதிய அத்தியாயத்துக்கு 259 டாலர் 71 சென்ட். இதைப் படித்தபிறகும் ஒருவர் வாங்கினது போதும் என்று சொன்னால் எனக்குப் பதில் தெரியவில்லை.

உதவி வசனம்:

பாலா சொல்லும் மினி ரூம் எங்களுக்குப் புதிதில்லை, கோடம்பாக்கத்தில் அதற்குப் பெயர் டிஸ்கஷன். 2016-இல் வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேர் நான்கு மாதம் உட்கார்ந்தோம். பேட்டா 300 ரூபாய், மதியச் சாப்பாடு, கணக்கில்லாத டீ. கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டாம் பாதியில் ஆஸ்பத்திரி காத்திருப்பு வரிசையில் ஒரு அப்பாவும் மகளும் பேசும் காட்சி, அது நான் கோடு போட்ட நோட்டில் எழுதியது, என் அப்பாவை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளிலிருந்து எடுத்தது. படத்தில் ஒரு வரி மாறாமல் இருக்கிறது. டைட்டிலில் ‘கதை விவாதம்’ என்று பன்னிரண்டு பெயர், அதில் என் பெயர் ஏழாவது, கண் பதிவதற்குள் போய்விடும்.

அப்புறம் ஒருநாள் மதுரைக்கு ஆம்னி பஸ்ஸில் போகிறேன், அந்தப் படத்தைப் போட்டான். எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா அந்தக் காட்சியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் சாட்டிலைட் விற்றாகிவிட்டது, இந்தி டப்பிங் விற்றாகிவிட்டது, ஓடிடி விற்றாகிவிட்டது. அந்த மாதம் எனக்கு அறை வாடகை பாக்கி. குமார் அண்ணே, கொத்தனார் கட்டிய வீடு ஒரே இடத்தில்தான் நிற்கும். நான் எழுதிய காட்சியை நான்கு முறை விற்றார்கள், இனியும் விற்பார்கள்.

ஆரப்பாளையம் குமார்:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மனையையும் வீட்டையும் நான் ஒன்றாகப் பார்த்துவிட்டேன் போல. சரி, இந்தியாவில் இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?

அட்லாண்டா அன்பு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் இங்கே லைட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். மே மாதம் எழுத்தாளர்கள் நிறுத்தினார்கள், ஜூலை 14 முதல் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுடையது நவம்பர் 9-இல்தான் முடிந்தது. எனக்கு ரெசிடுவல் உறை எதுவும் வராது. வேலை செய்த மணிக்கணக்கை வைத்துத்தான் என் காப்பீடு. அந்த ஆறேழு மாதம் இரவில் பார்சல் வண்டி ஓட்டினேன், மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியது. முடிந்தபிறகாவது பழையபடி வேலை வந்ததா என்றால் இல்லை. 2022-இல் அமெரிக்காவில் 599 தொடர்கள் வெளிவந்தன, 2023-இல் 516. எழுத்தாளர்கள் கேட்டது நியாயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது கேபிள் இழுத்தவன், துணி தைத்தவன், சாப்பாடு போட்டவன் கணக்கை யாரும் சொல்வதில்லை, அது எனக்கு வருத்தம்.

பர்பாங்க் பாலா:

அன்பு, நீங்கள் சொல்வது அப்படியே உண்மை. எங்கள் தெருமுனையில் ஷூட்டிங்குக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் கடை ஒன்று மூடியது, அப்புறம் திறக்கவே இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தொடர்கள் குறைந்ததற்கு வேலைநிறுத்தம் மட்டும் காரணமில்லை. 2022 தொடக்கத்தில் பத்து வருடத்தில் முதல்முறையாக நெட்ஃபிளிக்ஸுக்குச் சந்தாதாரர்கள் குறைந்தார்கள், அன்றிலிருந்தே முதலீட்டாளர்கள் லாபத்தைக் காட்டு என்று நெருக்க, எல்லாக் கம்பெனியும் செலவைச் சுருக்கத் தொடங்கிவிட்டது.

யார் இழுத்தடித்தார்கள் என்பதையும் பாருங்கள். தொடங்கும்போது கில்ட் கேட்டது வருடத்துக்கு ஏறக்குறைய 43 கோடி டாலர் மதிப்பு, அத்தனை ஸ்டுடியோக்களும் சேர்ந்து தர முன்வந்தது 8.6 கோடி. ஏஐ பற்றிக் கேட்டதற்கு, வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் பதில். ஜூலையில் ஒரு நிர்வாகி பெயர் சொல்லாமல் டெட்லைன் இதழிடம் சொன்னது, எழுத்தாளர்கள் வீடு வாசலை இழக்கும்வரை இழுக்கட்டும் என்ற பொருளில். அதைப் படித்த அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியில் மறியல் அட்டையும் கையுமாக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடியும் மறியலுக்குப் போனார்.

அதே மாதம்தான் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு வெளியே பார்ஹாம் சாலையில், மறியல் செய்கிறவர்களுக்கு நிழல் கொடுத்த மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். நல்ல வெயில் காலம். அது மாநகராட்சி மரம், அனுமதி வாங்கவில்லை. அதற்கு அபராதம் 250 டாலர். இன்னொரு பக்கம் ட்ரூ கேரி என்ற நடிகர், கில்ட் அட்டையைக் காட்டினால் போதும் என்று இங்கே பாப்ஸ் பிக் பாய் உணவகத்திலும் ஹாலிவுட்டில் ஒரு உணவகத்திலும் போராட்டம் முடியும்வரை எழுத்தாளர்களுக்குச் சாப்பாட்டுக் காசைத் தானே கட்டினார். டீம்ஸ்டர்ஸ் லாரி ஓட்டுநர்கள் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உங்களைப் போன்றவர்களும் அந்த நஷ்டத்தைத் தாங்கித்தான் இது ஜெயித்தது, அன்பு, அது எழுத்தாளர்களுக்கும் தெரியும்.

கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 20 வாக்கில் டிஸ்னி, வார்னர், நெட்ஃபிளிக்ஸ், யுனிவர்சல் தலைவர்கள் நான்கு பேரும் நேரடியாக மேசைக்கு வந்தார்கள், 24-ஆம் தேதி பேச்சு முடிந்துவிட்டது. ஐந்து மாதம் முடியாதது ஐந்து நாளில் முடிந்தது! முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேருக்குச் சமமாகப் பார்க்கப்பட்ட தொடருக்குத் தனி போனஸ். நெட்ஃபிளிக்ஸில் ஒரு மணி நேர அத்தியாயத்துக்கு வெளிநாட்டுக் காட்சிக்கான மூன்று வருடத் தொகை 18,684 டாலரிலிருந்து 32,830 ஆனது. மினி ரூமுக்கு மூன்று பேர் எடுத்தால் குறைந்தது 10 வார வேலை உறுதி. எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கை, ரகசியமாக என்றாலும், கில்டுக்குக் காட்டவேண்டும். ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் எடுக்கக்கூடாது, அதைப் பயன்படுத்து என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. வாக்கெடுப்பில் ஆதரவு 8,435, எதிர்ப்பு 90.

நகல் பிரிவு சுமதி:

குமார் அண்ணன் கேட்ட சட்டத்துக்கு வருகிறேன், நான் வக்கீல். இந்தியாவில் சட்டம் இருக்கிறது, காகிதத்தில் பார்த்தால் அமெரிக்காவைவிட நன்றாகவே இருக்கிறது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் மன்றாடிப் பேசியதெல்லாம் நினைவிருக்கும், அந்தக் காப்புரிமைத் திருத்தம் 2012 ஜூன் 21-இல் நடைமுறைக்கு வந்தது. 18, 19-ஆம் பிரிவுகளின்படி, படத்தில் சேர்க்கப்பட்ட எழுத்துக்கும் இசைக்கும் தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் சமபங்கு படைத்தவருக்கு. அதை அவர் விட்டுக்கொடுக்கவே முடியாது, விட்டுக்கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது.

ஆனால் வசூலிக்க ஆள் வேண்டுமே. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. வசனம் எழுதிய ஒருவர் கைக்கு அப்படி ஒரு காசோலை வந்ததை என் பதினொரு வருட அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. அமெரிக்க எழுத்தாளருக்குப் பத்திரமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் 11,500 பேர் ஒரே நாளில் பேனாவைக் கீழே வைப்பார்கள் என்ற பயம் எதிரே இருப்பவனுக்கு இருக்கிறது. நம்மிடம் பத்திரம் இருக்கிறது, அந்தப் பயம் இல்லை.

உதவி வசனம்:

அக்கா, போன வாரம் ஒரு வெப் சீரிஸ் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். ‘இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நகல் பிரிவு சுமதி:

போடாதே தம்பி. கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பு. அன்று டிஸ்கஷனில் எழுதிய அந்தக் கோடு போட்ட நோட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வை, தேதி போட்டிருந்தால் இன்னும் நல்லது.