ஸ்க்ரூஜின் ‘ஹம்பக்’ தமிழில் வர மறுக்கிறது

டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை மொழிபெயர்க்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

லண்டன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். வாழ்த்துச் சொல்ல வந்த தங்கை மகனிடம் கிழவர் ஸ்க்ரூஜ் “பா! ஹம்பக்!” என்று சீறுகிறார். ‘பா’ சிக்கல் இல்லை, ‘ப்பூ’ போதும். ‘ஹம்பக்’தான் உயிரை எடுக்கிறது. 1750-களில் பரவிய கொச்சைச் சொல். எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே கைவிரிக்கிறார்கள். பொருள் ஏமாற்று, போலி. வெறும் எரிச்சல் அல்ல, பண்டிகையே மோசடி என்கிறார் மனுஷன்.

‘சீச்சீ’ போட்டேன், அருவருப்பாகிவிட்டது. ‘அபத்தம்’ வாத்தியார் பேச்சு. ‘பித்தலாட்டம்’ பொருள் சரி, ஆனால் சீறுவதற்கு நீளம். இப்போதைக்கு ‘பம்மாத்து’.

அந்தக் காலத்து லண்டன் கிழவர் வாயில் ‘பம்மாத்து’ பொருந்துமா, இல்லை இதைவிடக் கச்சிதமான சொல் இருக்கிறதா?