வறட்சி உங்கள் ஊருக்கு எந்த வழியாக வந்தது?

திருவாரூர் பக்கம்:

மழை இல்லையென்றால் வறட்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 2016-இல் எங்கள் வயலுக்கு அது முதலில் காவிரி பிறக்கும் குடகிலிருந்துதான் வந்தது. அங்கே தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியதால், ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூரை செப்டம்பர் 20-இல்தான் திறந்தார்கள், குறுவை போயிற்று. சரி, சம்பாவையாவது பார்த்துவிடுவோம் என்று ஐப்பசி மழையை நம்பி நேரடியாக விதைத்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டும், அந்த வருஷம் பெய்தது 168 தான். டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதிர் வந்த சமயம் அது. ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் நசுக்கினால் பால் வர வேண்டும். வரவில்லை, வெறும் உமி விரலில் ஒட்டிக்கொண்டது. அப்பா எதுவும் பேசாமல் நாலைந்து இடத்தில் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கரையேறினார். ஜனவரி 10-இல் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது, பொங்கல் முடிந்ததும் மாட்டை வயலுக்குள் விட்டோம்.

உங்கள் ஊரில் எந்த மாதம் எது வற்றியது என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.

முதுகுளத்தூர் பக்கம்:

அண்ணே, எங்களுடையது வானம் பார்த்த பூமி. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர், அதனால் மழை குறையும் வருஷம் முதலில் காய்வது கடைசிக் கண்மாய், அப்புறம் ஊர் ஊராக மேலே ஏறும். நாங்கள் கடைசி ஊர். 2016-இல் எங்கள் கண்மாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. போர் போடலாமே என்று கேட்பார்கள், போட்டால் உப்புத் தண்ணீர்தான். ஊருணி வற்றிய பிறகு அக்கா தினமும் இரவு இரண்டு மணிக்கு ஊற்றுக்குப் போய், கொட்டாங்கச்சியால் கோரிக் கோரி ஒரு குடம் நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும்.

பொள்ளாச்சி பக்கம்:

எங்களுக்கு வறட்சி வந்ததைவிடப் போகாமல் இருந்ததுதான் கொடுமைங்க. 2017 ஆவணியில் நல்ல மழை, புல் முளைத்துவிட்டது, பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டதே என்றார்கள். போரில் தண்ணீர் ஏறவே இல்லை. இங்கே கீழே முழுக்கப் பாறை, தண்ணீர் நிற்பது அதன் வெடிப்புகளில்தான், பல வருஷமாக உறிஞ்சியதை ஒரு மழை நிரப்பாது. மழைக் குறைவு வானிலை வறட்சி, பயிர் வாடுவது வேளாண் வறட்சி, ஆறும் ஏரியும் கிணறும் வற்றுவது நீரியல் வறட்சி என்று பிரித்துச் சொல்வார்கள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஆனால் ஒன்றாகப் போகவில்லை.

தென்னை இன்னும் மோசம். பாளை மரத்தின் குருத்துக்குள் உருவாகத் தொடங்கியதிலிருந்து முற்றிய காயாக வெட்டும் வரை மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் 2017-இல் பட்ட அடி அடுத்தடுத்த வருஷக் குலைகளிலும் தெரிந்தது, மழை பெய்த பிறகும் பிஞ்சு கொட்டியது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் நாற்பது மரத்துக்கு மேல் கொண்டை சாய்ந்துவிட்டது, எல்லாம் தாத்தா வைத்தவை.

சென்னை:

எங்களுக்கு வந்து சேர ஆறு மாதம் ஆனது. மழை பொய்த்தது 2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை, நானும்தான். 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் ஏறத்தாழ வறண்டுவிட்டன. எங்கள் தெருவில் லாரி வரும் நேரம் தெரியாததால் குடங்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். லாரி வந்தால் எதிர்வீட்டுப் பாட்டி எல்லார் குடத்திலும் பிடித்து வைப்பார். அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் அது.

திருவாரூர் பக்கம்:

அந்த ரயிலை நாங்களும் டிவியில் பார்த்தோம். அன்றைக்கு எங்கள் பாசனத்துக்கு மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, ஆகஸ்ட் 13-இல்தான் திறந்தார்கள். வாய்க்காலில் மண் பறந்துகொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நம்ம ஆத்துத் தண்ணிதானே, போவட்டும், குடிக்கத்தானே கேக்குறாங்க” என்றார்.