பெங்களூரில் பெண்களின் வேலைப் பங்கேற்பை வார்டு வாரியாக மதிப்பிட முடியுமா?

அல்சூர்வாசகி

அனைவருக்கும் வணக்கம். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான குழந்தைகள் காப்பகங்களை எந்த வார்டுகளில் முதலில் திறக்கலாம் என்று ஒரு பரிந்துரை தயாராகிறது. மாவட்ட அளவிலான எண் இதற்கு உதவாது. ஸ்ரீராம்புரமும் வைட்ஃபீல்டும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் வருகின்றன. பி.எல்.எஃப்.எஸ். தொழிலாளர் சர்வேயின் யூனிட் லெவல் டேட்டா (ஒவ்வொரு குடும்பத்தின் பதில்களும் தனித்தனியாக உள்ள கோப்பு) இருக்கிறது, 2011 சென்சஸின் வார்டு அட்டவணைகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஃபே-ஹெரியட் மாடல் (சிறு பகுதியின் சர்வே எண்ணையும் துணைத் தகவலிலிருந்து கணித்த எண்ணையும் எடை போட்டுக் கலக்கும் முறை) போட்டால் வார்டு எண் கிடைக்குமா? அன்றைய 198 வார்டுகள் வேறு, 2025-இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்த பிறகு வரும் வார்டுகள் வேறு. எதை அடிப்படையாகக் கொள்வது?

கூறுகணக்கர்

மேடம், முதல் தடை டேட்டாவிலேயே இருக்கிறது. ஃபே-ஹெரியட் மாடலுக்கு ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு நேரடி மதிப்பீடும் (அந்தப் பகுதியின் சாம்பிளை மட்டும் வைத்துக் கணக்கிட்டது) அதன் மாறுபாடும் (அது எவ்வளவு தடுமாறும் என்ற அளவு) வேண்டும். பி.எல்.எஃப்.எஸ். பொதுக் கோப்பில் மாவட்டம் வரை குறியீடு உண்டு, வார்டு குறியீடு கிடையாது. எந்தக் குடும்பம் எந்த வார்டு என்று தெரியாமல் இந்த மாடலைத் தொடங்கவே முடியாது.

குறியீடு கிடைத்தாலும் எண்ணிக்கை போதாது. 2025 ஜனவரி முதல் இந்தச் சர்வேயில் ஒரு பிளாக்குக்கு (சாம்பிளுக்குத் தேர்ந்தெடுக்கும் சிறு பகுதி) 12 குடும்பங்கள். ஒரு வார்டில் நான்கு பிளாக் விழுந்தால் 48 குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு பெண், பங்கேற்பு 30% என்று வைத்தால் திட்டப்பிழை (மாறுபாட்டின் வர்க்கமூலம்) 6.6 சதவீதப் புள்ளி. ஒரே பிளாக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே நிலைமையில் இருப்பார்கள் என்பதால் அது ஏறக்குறைய 8 ஆகும். உண்மை எண் இருக்கக்கூடிய 95% இடைவெளி 14-இலிருந்து 46 சதவீதம் வரை விரியும். பல வார்டுகளில் ஒரு பிளாக்கும் விழாது.

மாதக் கோப்புகளை ஒட்டிச் சாம்பிளைப் பெருக்கலாம் என்று தோன்றும். புதிய முறையில் ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து நான்கு மாதம் சந்திக்கிறார்கள். 12 மாதத்தையும் தனித்தனிக் குடும்பங்களாக எண்ணினால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கிவிடும். முதல் சந்திப்பை மட்டும் எடுங்கள்.

மிச்சமிருப்பது செயற்கை மதிப்பீடு. கல்வி, சமூகப் பிரிவு, குடும்ப அளவு போன்றவற்றோடு பங்கேற்புக்குள்ள உறவை மாவட்டம் முழுக்கக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வார்டின் சென்சஸ் கலவைக்கும் பொருத்துவது. செய்வது எளிது, ஆனால் இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கலவை உள்ள இரண்டு வார்டுகளுக்கு ஒரே எண்தான் வரும். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் கார்மென்ட்ஸ் வேலை பக்கத்திலேயே இருப்பதால் பெண்கள் வேலைக்குப் போகிறார்களே, அந்த வித்தியாசம் அதில் தெரியாது. காப்பகம் எங்கே என்று முடிவு செய்ய உங்களுக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

எல்லைக்கோடு

வார்டு எல்லை பற்றி. 2011-இல் மாநகராட்சி மக்கள்தொகை 84.4 லட்சம், 198 வார்டு, சராசரி 42,600 பேர். பழைய வார்டிலிருந்து புதியதற்குப் பரப்பளவு விகிதத்தில் பிரித்துக் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ஏரி, ராணுவ நிலம், டெக் பார்க் எல்லாவற்றிலும் ஆட்கள் குடியிருப்பதாக அது கணக்குப் போடும். அதற்குப் பதில்:

பழைய, புதிய எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டி, கிடைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் நிரந்தர எண் கொடுங்கள். குடியிருப்புக் கட்டடங்களின் தளப்பரப்பை வைத்து மக்கள்தொகையைத் துண்டுகளுக்குப் பங்கிட்டு, பிறகு புதிய வார்டுக்குக் கூட்டுங்கள். எல்லை மறுபடி மாறினாலும் துண்டுகள் கைகொடுக்கும். மகாதேவபுரா பக்கம் மட்டும் எச்சரிக்கை: அங்கே 2011-க்குப் பிறகு எழுந்த கட்டடங்களைக் கழிக்காவிட்டால் பழைய மக்களைப் புது அபார்ட்மென்ட்டில் குடியேற்றிவிடுவீர்கள்.

மாடலுக்குத் துணைத் தகவலாக இரவு வெளிச்சப் படத்தை நம்ப வேண்டாம். வி.ஐ.ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி சுமார் அரை கிலோமீட்டர், ஒரு சதுர கிலோமீட்டர் வார்டுக்கு நான்கைந்து புள்ளிகள்தான். அதிலும் தெரிவது தெருவிளக்கும் அலுவலக வளாகமும். அதைவிட பெஸ்காம் மின் நிறுவனத்தின் வீட்டு இணைப்புக் கணக்கு நல்லது. ஆனால் அவற்றின் சப்-டிவிஷன் எல்லை வார்டோடு ஒத்துப்போகாது. 2023-இல் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டம் வந்ததால் அதற்கு முந்தைய யூனிட் கணக்கையும் பிந்தையதையும் கலக்காதீர்கள். என்.எஃப்.எச்.எஸ். (தேசியக் குடும்பநல சர்வே) இருப்பிடப் புள்ளிகளும் வேண்டாம். ரகசியம் காக்க நகரப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரை நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள், அதற்குள் சில வார்டுகளே கடந்துவிடும்.

அல்சூர்வாசகி

மிக்க நன்றி. அப்படியென்றால் மாநிலப் பொருளியல், புள்ளியியல் இயக்குநரகத்திடம் கேட்டுப் பார்க்கலாமா? என்ன கேட்பது?

கூறுகணக்கர்

கேளுங்கள், ஆனால் குடும்ப விவரம் கேட்டால் ரகசிய விதி குறுக்கே நிற்கும். பகுதி வாரியான தொகுப்பு மட்டும் போதும் என்று எழுதுங்கள்: பிளாக் எண்ணிக்கை, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் எண்ணிக்கை, வெயிட் போட்ட மதிப்பீடு, அதன் மாறுபாடு. மாநிலம் தனி சாம்பிள் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பகுதி என்பது வார்டாக வேண்டாம். ஐந்து மாநகராட்சிகளில் ஒவ்வொன்றையும், பக்கத்துப் பக்கத்து வார்டுகளைச் சேர்த்து, மூன்று அல்லது நான்கு தொகுதிகளாகப் பிரியுங்கள், மொத்தம் 15 முதல் 20 வரும். எல்லைக்கோடு சொன்ன துண்டு எண்களை வைத்தே தொகுதியை வரையறுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்போது ஃபே-ஹெரியட் பொருந்தும். 15, 20 பகுதிக்குத் துணை மாறிகள் (சென்சஸ் போன்றவற்றிலிருந்து மாடலுக்குத் தரும் தகவல்கள்) இரண்டு, அதிகம் போனால் மூன்று. நேரடி மதிப்பீட்டின் திட்டப்பிழை 5 புள்ளி, பகுதிகளுக்கிடையே மாடல் விளக்காத வேறுபாடு 3 புள்ளி என்றால், நேரடிக்குக் கிடைக்கும் எடை 9-ஐ (3-இன் வர்க்கம்) 34-ஆல் (9-உடன் 5-இன் வர்க்கமான 25) வகுத்தது, அதாவது 0.26. மீதி 0.74 மாடலுக்கு. இந்த எடையை ஒவ்வொரு பகுதிக்கும் அட்டவணையில் காட்டுங்கள், படிப்பவர் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கட்டும்.

இங்கே வழக்கமாகக் கெடுவது இரண்டு. சிறிய சாம்பிளில் மாறுபாடே நிலையாக இராது, அதைப் பகுதிகளுக்கிடையே சமப்படுத்திவிட்டுத்தான் மாடலுக்குள் விடவேண்டும். அடுத்தது, பகுதிகள் குறைவாக இருந்தால் அந்த 3 புள்ளி பூஜ்யமாகவே வந்துவிடலாம், உடனே எல்லாம் செயற்கை மதிப்பீடாகிவிடும். ஆர் மென்பொருளின் ஈ.எம்.டி.ஐ. பேக்கேஜில் இதற்குத் திருத்திய முறைகள் உண்டு, விகிதம் 0-க்கும் 100-க்கும் வெளியே போகாமல் காக்கும் ஆர்க்சைன் மாற்றமும் அதிலேயே இருக்கிறது. முடிந்ததும் பகுதிகளின் கூட்டல் ஐந்து மாநகராட்சிகளுக்கும் சேர்த்த நேரடி மதிப்பீட்டோடு பொருந்துமாறு விகிதத்தில் சரிசெய்யுங்கள்.

தொகுதிக்குள் எந்த வார்டு என்பதற்கு வேலைப் பங்கேற்பை இன்னும் உடைக்க வேண்டாம். அதற்கு வேண்டியது குழந்தைகளின் எண்ணிக்கை. சென்சஸ் வார்டு அட்டவணையில் 0–6 வயது தனியாக உண்டு, ஆனால் 2011 குழந்தைகள் இன்று பதின்வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த சென்சஸின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1, வார்டு அட்டவணை அதற்குப் பிறகுதான். அதுவரை அங்கன்வாடிப் பதிவைப் பயன்படுத்துங்கள். பதிவு செய்யாத இடம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் அதில் விடுபடும், கட்டடத் தொழிலாளர் குடியிருப்புகளை மட்டுமாவது நேரில் எண்ணிச் சேர்த்துவிடுங்கள்.