‘கெஸ்’ பட சப்டைட்டில் போகப் போகப் பின்தங்குகிறது, உதவி தேவை

நண்பர்களே, நான் லீட்ஸில் இருக்கிறேன். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பிரிட்டிஷ் நடிகர் காலின் வெல்லண்டும் லங்காஷயரில் ஓவிய ஆசிரியராக இருந்துதான் நடிக்க வந்தார் என்று சொன்னதும் அவர் படம் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ திரைக்கதைக்கு 1982இல் ஆஸ்கர் வாங்கியவர்தான். ஆனால் எனக்கு 1969இன் ‘கெஸ்’தான் உசத்தி. அதில் வாத்தியார் வேடத்துக்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. வல்லூறைப் பழக்கும் விதத்தைப் பையன் வகுப்பில் சொல்லச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டு நிற்பாரே, அது நடிப்பு மாதிரியே இருக்காது.

படத்தில் வரும் பார்ன்ஸ்லி வட்டாரப் பேச்சு அப்பாவுக்குப் பிடிபடவில்லை. பழைய கடையில் வாங்கிய பிரிட்டிஷ் டிவிடியில் சப்டைட்டில் இல்லை. இணையத்தில் எடுத்த ஆங்கில சப்டைட்டில் ஃபைல் (எஸ்ஆர்டி) தொடக்கத்தில் சரியாக வருகிறது; 10ஆவது நிமிடத்தில் 25 விநாடி, 40ஆவது நிமிடத்தில் 100 விநாடி பின்தங்குகிறது.

விண்டோஸ் 11, விஎல்சி பிளேயர். அதில் ஜி, எச் பட்டன்களால் சப்டைட்டிலை நகர்த்தினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி விலகுகிறது. வேறு இரண்டு ஃபைல்களும் இதே கதைதான். நோட்பேடில் கையால் நேரம் மாற்றி, நாற்பது வரியோடு விட்டுவிட்டேன். டிவிடி விநாடிக்கு 25 ஃபிரேம், ஃபைல் விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கு என்பது என் சந்தேகம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். முழு ஃபைலின் நேரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்க, இலவச மென்பொருளில் என்ன செய்யவேண்டும்?