மறு: சுமாக் கட்டுரை: ரூட் சக்கருக்கு 'வேர்க்கன்று'

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். சுமாக் மரத்தைப் பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரையில், அதன் வேரிலிருந்து முளைக்கும் கன்றுக்கு (ஆங்கிலத்தில் ரூட் சக்கர்; சக்கர் என்றால் உறிஞ்சுவது) 'வேர்க்கன்று' என்று வைக்கலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

> 'வேருறிஞ்சி' என்று வைக்கலாம். மூலச்சொல்லின் பொருளும் வந்துவிடும்.

இதற்கு என்னால் உடன்பட முடியவில்லை. உறிஞ்சி என்றதும் நமக்குப் புல்லுருவிதான் நினைவுக்கு வரும். சுமாக்கின் வேரில் முளைப்பது ஒட்டுண்ணி அல்ல, அதே மரம்தான். இந்த மரத்தில் ஆண் தனி, பெண் தனி. செக்கச்செவேலென்று நிமிர்ந்து நிற்கும் காய்க்கொத்து பெண் மரத்தில் மட்டுமே வரும். பெண் மரத்தின் வேரில் கிளம்புவதும் பெண்ணாகவே இருக்கும். ஆகவே காய் வேண்டும் என்பவர் காய்த்த மரத்தடியில்தான் கன்று கேட்டு வாங்க வேண்டும். இதை 'உறிஞ்சி' என்ற பெயரில் எழுதினால் யார் வாங்குவார்கள்?

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி, ஓரறிவு உயிரின் (மரம், செடிகளின்) இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற நான்கையும் ஒப்புக்கொள்கிறது. தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, முருங்கைப் போத்து என்று இன்றும் சொல்கிறோம். இங்கே பெங்களூரில் எங்கள் தோட்டக்காரர் வாழைக்கன்றைக் கன்னடத்தில் 'கந்து' என்கிறார். அதுவும் கன்றின் உறவுதான். இத்தனை சொற்கள் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை.

> அப்படியானால் வாழைக்குச் சொல்லும் 'பக்கக்கன்று' போதாதா?

போதாது என்பதை என் வீட்டுக் கறிவேப்பிலைதான் எனக்குப் புரியவைத்தது. அல்சூரில் எங்களுடையது முப்பதுக்கு நாற்பது அடி சைட் (மனை). மதில் எழுப்புவதற்காகப் பழைய கறிவேப்பிலை மரத்தை வெட்டினோம். அடுத்த மழையில், மரம் நின்ற இடத்தை விட்டுப் பத்தடி தள்ளி, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடியின் ஓரத்தில் வரிசையாக முளைத்தன. விதை விழுந்து முளைத்தது என்று நினைத்து அரிவாளால் தரைமட்டத்தில் சீவினேன். ஒன்று இரண்டாகத் திரும்பி வந்தது. ஒரு நாள் பொறுமையாகத் தோண்டிப் பார்த்தேன். விரல் பருமனில் ஒரு வேர் படுக்கையாக ஓடியது. எல்லாக் கன்றும் அதன் மேல்தான் நின்றன. பிறகு வேர்த்துண்டோடு வெட்டி எடுத்துத் தொட்டியில் வைத்தேன், பிழைத்துக்கொண்டன.

வாழைக்கன்று வருவது கிழங்கிலிருந்து. தாயை ஒட்டியே நிற்கும், தேடவே வேண்டாம். சுமாக் அப்படியல்ல. கிழக்கு வட அமெரிக்காவின் ஸ்டேக்ஹார்ன் சுமாக், மான்கொம்பின் தோல் போலக் கிளையில் மென்மயிர் படர்ந்தது, மேலாக ஓடும் வேரில் பல அடி தள்ளிப் புல்தரையின் நடுவே தலைநீட்டும். தொல்லை தாங்காமல் தாய்மரத்தை வெட்டினால் இன்னும் அதிகமாகக் கிளம்பும். 'பக்கக்கன்று' என்று படித்த ஒருவர் மரத்தின் பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். 'வேர்க்கன்று' என்றால் கை தானாக மண்வெட்டியைத் தேடும்: இளசாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கு, புல்தரையில் வந்தால் விடாமல் அறுத்துக்கொண்டே இரு. ஓஹையோவில் தோட்டம் போடும் என் தங்கைக்குக் கட்டுரையின் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். வேர்க்கன்று என்ற சொல்லுக்கு அவள் விளக்கம் கேட்கவில்லை.

> நாற்றங்காலில் வேர்விட்ட கன்று என்று குழப்பிக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். வேர்ப்பலா என்றால் வேரில் காய்த்த பலா என்றுதான் கொள்கிறோம். வேர்விட்ட பலா என்று யாரும் எடுப்பதில்லை. நாற்றங்காலில் இருப்பதற்கு 'வேர்பிடித்த கன்று' என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

சுமாக் என்ற பெயரை மாற்ற வேண்டாம். அரபியிலிருந்து உலகம் சுற்றிய பெயர் அது. இங்கே பிரேசர் டவுனில் அரபு உணவு சாப்பிட்டவர்கள் சுமாக் காயின் புளிப்புப் பொடியை அந்தப் பெயரிலேயே அறிவார்கள். ஆனால் 'நச்சுச் சுமாக்' என்று கட்டுரையில் வருவது வேறு பேரினம், டாக்ஸிகோடென்ட்ரான். சதுப்பில் வளரும், காய் வெளிறித் தொங்கும், தொட்டால் தோல் கொப்பளிக்கும். சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் இதே குடும்பம் என்று ஒரு வரி சேர்த்தால் நம் வாசகருக்கு ஆபத்து உடனே விளங்கும். முந்திரி ஒவ்வாதவர்கள் சுமாக் பொடியையும் தவிர்ப்பது நல்லது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

இன்னொன்று பாக்கி. ரோஜாவில் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்புவதையும் ஆங்கிலத்தில் சக்கர் என்றே சொல்கிறார்கள். அதற்கு 'அடிப்போத்து' சரியாக வருமா? ரோஜா வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். அதுவரை கட்டுரையில் அந்தப் பத்தியை மட்டும் நிறுத்திவைக்கிறேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூர்