தோட்டத்துக் கோழிக்கு எந்தத் தீவனம்? புதிதாக வந்தவர்களுக்காக

வந்த நாட்டில் வீடு எடுத்து, பின்னால் கொஞ்சம் தோட்டமும் கிடைத்துவிட்டால் நம்மில் பலருக்கு நாலு கோழி வளர்க்கும் ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசை. கூண்டு, வேலி, அனுமதி எல்லாவற்றையும் விசாரித்துச் சரியாகவே செய்துவிடுகிறார்கள். தடுமாறுவது தீவனத்தில்தான். கடையில் ஸ்டார்ட்டர், குரோயர், லேயர், ஃபினிஷர், ஸ்கிராட்ச் என்று மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். எல்லாவற்றின் மேலும் கோழிப் படம்தான் இருக்கும்.

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். மூட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கும் சீட்டிலோ பின்பக்கத்திலோ இரண்டு எண்களைத் தேடுங்கள்: புரதம் எத்தனை சதவீதம், கால்சியம் எத்தனை சதவீதம். முட்டையிடும் கோழிக்குப் புரதம் 16 முதல் 18, கால்சியம் 3.5 முதல் 4.5 இருக்க வேண்டும். அதுதான் லேயர். குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டரில் புரதம் 18, 20 என்று கூடுதலாக இருக்கும், கால்சியம் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 6 முதல் 8 வாரம் வரை ஸ்டார்ட்டர், அங்கிருந்து 18 வாரம் அல்லது முதல் முட்டை வரை குரோயர், அப்புறம் லேயர். ஃபினிஷர் கறிக்கோழிக்கானது. அதை முட்டைக்கோழிக்குப் போட்டால் கோழி கொழுக்கும், முட்டை ஓட்டுக்குத் தேவையான கால்சியம் கிடைக்காது.

இந்தக் கால்சியம் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நடுத்தர உடம்புள்ள ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் போலத் தின்னும். அது 4 சதவீதம் கால்சியம் உள்ள லேயர் என்றால் 4.4 கிராம் உள்ளே போகிறது. அதில் பாதியளவே உடம்பில் சேர்ந்தாலும் ஓட்டுக்குப் போதும். அதே 110 கிராம் குரோயராக இருந்தால் 1 கிராம் சொச்சம்தான் கிடைக்கும். மீதிக்குக் கோழி எங்கே போகும்? தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டில் வைக்கும். சில நாள் தாங்கும், அதற்கப்புறம் ஓடு மெலியும், கால் தளரும்.

இதை என் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் லேயர் மூட்டை ஒன்றும், உடைத்த மக்காச்சோளமும் கோதுமையும் கலந்த தானிய மூட்டை ஒன்றும் வாங்கி, இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்தேன். தானியம் போட்டால்தான் கோழிக்குத் தெம்பு என்று நம்பினேன். கோழிகளும் ஓடி வந்து தின்றன. ஆனால் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: மஞ்சள் சோளத்தை மட்டும் கொத்திக் கொத்தி எடுத்துவிட்டு, தீவனத்தூளைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தன. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கூட்டில் கைவிட்டபோது வெதுவெதுப்பாக, ஈரத்தோல் போல ஒன்று விரலில் பட்டது. தோல்முட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள்கரு ஆடுவது தெரிந்தது. இட்ட கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான், கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே ஸ்கிராட்ச் என்று விற்கும் கலப்புத் தானியத்தைத் தீவனமாக நினைக்காதீர்கள். சாயங்காலம் ஒரு பிடி தரையில் தூவுங்கள், கிளறித் தின்னட்டும், உங்களோடு பழகவும் செய்யும். மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கீரை, காய்த் துண்டு, பழத்தோல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்தப் பத்தில் ஒன்று. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, வேகவைக்காத காய்ந்த பீன்ஸ், அவகாடோ, உப்பு மிகுந்தது எதுவும் வேண்டாம். இன்னொன்று, சில நாடுகளில் வீட்டுச் சமையலறைக்குள் போய் வந்த எந்த உணவையும் கோழிக்குப் போடச் சட்டப்படி தடை இருக்கிறது. வேறு சில நாடுகளில் இறைச்சி கலந்த மிச்சத்துக்கு மட்டும் தடை. நீங்கள் இருக்கும் இடத்து விதியை விவசாயத் துறையின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லேயர் போட்டாலும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது நல்லது. தீவனத்தோடு கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தானாகப் போய்த் தின்னும். ஓடு உருவாக 20 மணி நேரம் போல ஆகும், அதில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. அதனால்தான் அடையப்போகும் முன்பு கிண்ணத்தைச் சுற்றிக் கூட்டம் சேரும். கிரிட் என்று விற்கும் கருங்கல் பொடி வேறு. அது கரையாது, அரைவைப்பையில் தங்கித் தானியத்தையும் புல்லையும் அரைத்துக் கொடுக்கும். பல்லில்லாத பறவைக்கு அந்தக் கல்தான் பல். பெல்லட் என்ற உருளைத் தீவனம் மட்டும் தின்னும் கோழிக்கு அது அவசியமில்லை, புல் மேய்வதும் தானியம் தின்பதும் என்றால் வேண்டும். இரண்டு பையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள்.

மேஷ், கிரம்பிள், பெல்லட் என்பது வடிவம் மட்டும்தான். தூளாக இருப்பது மேஷ், நொறுக்கியது கிரம்பிள், உருளையாக அழுத்தியது பெல்லட். வளர்ந்த கோழிக்கு நான் பெல்லட்தான் சொல்வேன். பொறுக்கித் தின்ன வழியில்லை, சிந்துவதும் குறைவு.

குஞ்சு வாங்குகிறவர்களுக்கு முக்கியமான விஷயம். சில ஸ்டார்ட்டர் மூட்டையில் மெடிக்கேட்டட் என்று போட்டிருக்கும். ரத்தக்கழிச்சலைத் தடுக்க மருந்து சேர்த்தது, பெரும்பாலும் அம்ப்ரோலியம். அந்த நோய்க்குத் தடுப்பூசி போட்ட குஞ்சு என்றால் இந்தத் தீவனம் தரக் கூடாது, தடுப்பூசியின் வேலையை மருந்து கெடுத்துவிடும். அதனால் விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். முட்டையிடும் கோழிக்கு மருந்து சேர்த்த எதையும் சீட்டைப் படிக்காமல் போடாதீர்கள். எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பது அதில் இருக்கும். குஞ்சுகளுக்கு அவசரப்பட்டு லேயர் போடுவதும் தவறு. அவ்வளவு கால்சியத்தை வளரும் சிறுநீரகம் தாங்காது.

குஞ்சும் விடைக்கோழியும் சேவலும் முட்டைக்கோழியும் ஒரே வேலிக்குள் என்றால்? எல்லா வயதுக்கும் பொதுவான தீவனம் கிடைக்கும், கால்சியம் 1 சதவீதம் போல இருக்கும். அதை எல்லோருக்கும் வைத்து, கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிடுங்கள்.

மலிவு என்று பெரிய மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். நாலு கோழி மாதத்துக்கு 13, 14 கிலோதான் தின்னும். திறந்த மூட்டையை ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நாளாக நாளாக வைட்டமின் குறையும், எண்ணெய்ச்சத்து சிக்குப் பிடிக்கும். மூடியுள்ள தகரப் பீப்பாயில், தரையில் படாமல் வையுங்கள், எலி வராது. கட்டி தட்டினாலோ பூசண வாடை வந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துப் போட்டுவிட்டு மீதியை வைப்பது ஆபத்து, பூசணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

பகல் சுருங்கும் நாடுகளுக்கு வந்தவர்கள் முதல் குளிர்காலத்தில் பதறிப்போவார்கள். முட்டை நின்றுவிடும். உடனே தீவனத்தை மாற்றுவார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் தீவனம் இல்லை. வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போனால் பல கோழிகள் ஓய்வெடுக்கும், அதோடு இறகும் உதிர்க்கும். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால், அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் 18 முதல் 20 சதவீதம் புரதம் உள்ளதைக் கொடுத்தால் புது இறகு சீக்கிரம் முளைக்கும். முட்டை திரும்ப வரத் தொடங்கியதும் லேயருக்கு வந்துவிடுங்கள். எப்போது மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாளில் முழுக்கக் கொண்டுவாருங்கள். அந்த நாட்களில் எச்சம் இளகினால் ஒருநாள் கூட்டாமல் நிறுத்திப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் உறையாமல் இருக்கிறதா என்று காலையில் முதல் வேலையாகப் பாருங்கள், தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீவனத்தைத் தொடாது.