அழைப்பிதழுக்கு இரண்டு மணி நேரம் போதுமா? டிசைன் படித்தவர்களுக்கு வேலை இல்லை என்பது பொய்யா?

குடமுருட்டி (திருவையாறு):

கும்பகோணத்தில் அச்சகம் நடத்தும், அரசலாறு என்ற புனைபெயர்க்காரர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "டிசைன் படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்பது பொய். வேலை இருக்கிறது, செய்யத்தான் ஆள் இல்லை. இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய திருமண அழைப்பிதழை, பட்டம் வாங்கி வந்த ஒருவர் இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தார்" என்பது அவருடைய திருவாக்கு.

நான் பட்டம் வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. 61 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். பதில் எழுதியவை நான்கு. சென்னையில் ஒரு நிறுவனம் நேரில் வரச் சொன்னது. உழவன் விரைவு வண்டியில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தால், பத்தே நிமிடத்தில் "இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரைத்தான் பார்க்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இது என் விண்ணப்பத்தைப் படித்தபோதே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

உள்ளூரிலும் முயன்றேன். ஓர் அச்சகத்தில் "தேர்வு" என்று சொல்லி ஓர் அழைப்பிதழைச் செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தேன், வேலை தரவில்லை. மூன்று வாரம் கழித்து என் சித்தி வீட்டுக்கு வந்த பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தால், நான் வரைந்த வாழைமரமும் கோபுரமும் அதில் அச்சாகியிருந்தன. வாழையின் மூன்றாவது இலையில் ஒரு கிழிசலை வேண்டுமென்றே விட்டிருந்தேன். அந்தக் கிழிசல் வரை அப்படியே இருந்தது. அதற்கு எனக்கும் இரண்டு நாள்தான் ஆயிற்று. இரண்டு மணி நேரம் போதும் என்பவர் ஒரு முறை முடித்துக் காட்டட்டும்.

அரசலாறு (கும்பகோணம்):

தம்பி, நான் 27 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முடித்துக் காட்டு என்று என்னிடம் சொல்வது கொல்லனிடம் ஊசி விற்பதைப் போன்றது. காலை ஒன்பது மணிக்கு, நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய தாளில் மேட்டர், அதாவது அச்சிட வேண்டிய வாசகம், வருகிறது. பதினொரு மணிக்குப் பிழை பார்க்கும் புரூஃப் பார்ட்டியின் கைக்குப் போகிறது. அட்டை சிவகாசியிலிருந்து வந்தது தயாராக இருக்கிறது. நாம் உள்ளே எழுத்தை உட்கார வைத்து, மெரூன் மையில் ஓட்டினால் முடிந்தது. இரண்டு மணி நேரம் என்று நான் சொன்னதே தாராளம்.

என்னிடம் வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் நாள் முழுவதும் எழுத்துரு பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்த மேட்டரை எடுத்துக் கோரல் என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டி, பாமினி என்ற பழைய எழுத்துருவைப் போட்டார். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியதும் கணினி கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார். ஒருங்குறியில் (யூனிகோடில்) வந்ததைப் பாமினிக்கு மாற்றாமல் ஒட்டினால் கட்டம்தான் வரும் என்பது என் கடையில் தேநீர் வாங்கி வரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மணப்பெண் வீட்டுக்கு மூத்த மகள். பின்னால் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். "திருவளர்ச்செல்வி" என்று தாளில் எழுதியிருந்ததை, அந்த வரியில் இடம் போதவில்லை என்று "திருநிறைச்செல்வி" என்று மாற்றியிருக்கிறார். கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போடுகிற சொல் அது. "என் மற்ற இரண்டு பெண்களையும் என்ன செய்யச் சொல்கிறாய்?" என்று பெண்ணின் தகப்பனார் என் மேசையைத் தட்டினார். இதைத்தான் நான் இரண்டு நாள் என்றேன்.

குடமுருட்டி (திருவையாறு):

முதலில், நான் தம்பி அல்லேன். வரைகலை என்றால் ஆண்தான் எழுதுவான் என்று முடிவு செய்துகொண்டு பேசுகிறவரிடம் வேலை கேட்டுப் போகாமல் தப்பித்தேன்.

இரண்டாவதாக, திருவளர், திருநிறை என்ற வேறுபாடு எனக்குத் தெரியும். என் பாட்டி சொல்லிக் கொடுத்தது. உங்களிடம் வந்தவருக்குத் தெரியவில்லை என்பதற்காகப் படித்தவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் போட்டு நிறுக்க வேண்டாம். பாமினியைப் பற்றிப் பெருமைப்படவும் ஒன்றுமில்லை. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. உங்களைப் போன்ற அச்சகங்களின் பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை மேம்படுத்துவதை அதை விற்ற நிறுவனமே 2004-ல் நிறுத்திவிட்டது. "கெ" என்பதற்கு ஒற்றைக் கொம்பை முதலில் அடித்துவிட்டு அதன்பிறகு ககரத்தை அடிக்கும் பழைய முறையில் கைபழகியவருக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து இணையத்தில் போட முடியுமா? தேடினால் கிடைக்குமா?

கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் கடையில் சம்பளம் எவ்வளவு? தேர்வு என்று செய்து வாங்குவதை நீங்களும் அச்சிட்டு விற்கிறீர்களா? இரண்டு மணி நேரம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குப் பதில் ஆகாது.

பாமணியாறு (மன்னார்குடி):

நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியன். நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். ஐம்பொன் சிலை வார்க்கும் சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு குறிக்கக் கற்றுக்கொள்வதற்கே ஒரு பிள்ளைக்குப் பல மாதம் ஆகும். அதன்பிறகுதான் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சி உருப்பிடிக்க விடுவார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் கருக்கட்டும் (அச்சு எடுக்கும்) வேலை அதற்கும் பிறகு. அங்கே எவரும் முதல் நாளே சம்பளம் எவ்வளவு என்று கேட்டதில்லை. இக்காலப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் இரண்டு மணி நேரம் என்பது சற்று அதிகப்படியான எதிர்பார்ப்புதான்.

அரசலாறு (கும்பகோணம்):

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு என் வணக்கம். கடைசி வரியை மட்டும் அவர் திரும்ப யோசிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது என் ஆசை அன்று, கடையின் கணக்கு. முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு ஐந்து பார்ட்டி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் என்றால், ஆவணிக் கல்யாணத்தின் பத்திரிகையைத் தை மாதத்தில்தான் கொடுக்க முடியும்.

தங்கச்சி பாமினியைப் பழித்தார். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்து, தம் தகப்பனார் பெயரில் உள்ள "லை" பழைய மாதிரி, தும்பிக்கை தூக்கியபடி இருக்க வேண்டும் என்றார். 1978-ல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியது உங்கள் பாடத்தில் வந்திருக்கும். அவர் வீட்டுக்கு அது வரவில்லை. உங்கள் ஒருங்குறி எழுத்துருவில் அந்த லை எங்கே இருக்கிறது? நான் கோரலில் வளைவைப் பிடித்து இழுத்து, கையாலேயே வரைந்து கொடுத்தேன். அதையும் சேர்த்துத்தான் இரண்டு மணி நேரம்.

வேலை கேட்டு வருபவர்கள் காட்டும் மாதிரித் தொகுப்புகளில், நான் பார்த்த போர்ட்ஃபோலியோக்களில் எல்லாம் இல்லாத காபிக் கடைக்கு லோகோ இருக்கிறது. இல்லாத செயலிக்குத் திரை இருக்கிறது. கும்பகோணத்தில் உண்மையான காபிக் கடைகளுக்குக் குறைவா? அவற்றில் ஒன்றின் பெயர்ப் பலகையையாவது திருத்தி வரைந்து கொண்டு வந்திருந்தால் நானே எழுந்து நின்று வரவேற்றிருப்பேன்.

வெண்ணாறு (தஞ்சாவூர்):

இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறீர்களா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அரசலாறு சொல்வது, ஆயத்தமாக வந்த சிவகாசி அட்டையில் ஒற்றை நிறத்தில் எழுத்தை அமைக்கும் வேலை. குடமுருட்டி சொல்வது, வெற்றுத் தாளிலிருந்து தொடங்கி, படம் வரைந்து, நான்கு நிறத்துக்கு ஆயத்தம் செய்து, வெட்டும் ஓரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டுக் கொடுக்கும் வேலை. மேலும், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? மேட்டர் வந்தவுடனா, பார்ட்டி திருத்தமெல்லாம் முடித்துச் சரி என்று சொன்ன பிறகா? இதைத் தீர்த்துக்கொண்டு சண்டை போட்டால் நல்லது. கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கும்போது, நம் ஊர்களில் படித்தவர்களை எடுக்க மூன்று நான்கு அச்சகங்களைத் தவிர வேறு எந்த இடமும் இல்லை என்பதல்லவா பேச வேண்டிய செய்தி?

அரசலாறு (கும்பகோணம்):

வெண்ணாறு அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் என்பதை அவரே போன தீபாவளிச் சமயத்தில் இங்கே எழுதியிருக்கிறார். அவருக்கு மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழும். கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று கேட்க அவருக்கு நேரம் இருக்கிறது. எனக்குக் கடிகாரம் கடையைத் திறந்தவுடன் தொடங்குகிறது. அச்சடிக்கும் ஒரு பிளேட்டில் முகூர்த்த நேரம் தப்பாகிவிட்டால் பிளேட்டும் தாளும் என் தலையில்தான். திரையில் தப்பானால் அவர் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்வார்.

நான்கு நிறமோ ஒற்றை நிறமோ, தெரிந்தவனுக்கு இரண்டு மணி நேரம்தான்.

தரங்கை அலை (தரங்கம்பாடி):

எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. எழுத்து மிகப் பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், இங்கேயே சிறிதாக வார்த்து, புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார்கள். தமிழ் எழுத்து வரிக்குள் அடங்காமல் மல்லுக்கு நிற்பது அன்றைக்கே உள்ள சிக்கல்; "திருநிறைச்செல்வி" விவகாரமும் அதுவே. அரசலாறு அப்போது இருந்திருந்தால் மூன்று நூற்றாண்டு வரலாற்றையே இரண்டு மணி நேரத்தில் முடித்திருப்பார்.

அரசலாறு (கும்பகோணம்):

வந்துவிட்டாரா! டிகிரி காபியைப் பற்றி நான் எழுதியபோது, "கும்பகோணத்தில் காபியைவிடப் பேச்சுத்தான் கெட்டி" என்று எழுதிய அதே ஆள், நான் மறக்கவில்லை. தமிழ் அச்சு தரங்கம்பாடியில் பிறந்ததைப் போலப் பேசுகிறார். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. அதை ஏன் சொல்லவில்லை? ஈயத்தை உருக்கி வார்த்த காலத்தையும் கணினியில் அடிக்கும் காலத்தையும் ஒப்பிட்டுவிட்டு, நகைச்சுவை செய்ததாக வேறு நினைத்துக்கொள்கிறார்.

குடமுருட்டி (திருவையாறு):

சம்பளத்தைக் கேட்டேன், காபி வந்தது. தேர்வு வேலையை அச்சிட்டு விற்பதைக் கேட்டேன்; கொல்லம் வந்தது. தங்கச்சி என்றும் அழைக்க வேண்டாம்; நான் உங்களிடம் உறவு கேட்டு வரவில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. சுவாமிமலையில் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தப் பட்டறையில் சோறு உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. "ஓர் ஐம்பொன் சிலையை வார்த்துக் கொண்டு வா, பார்க்கலாம்" என்று வெளியிலிருந்து வருபவனிடம் இலவசமாக வாங்கி, அதைக் கோயிலுக்கு விற்றுவிட்டு, "உனக்குப் பொறுமை இல்லை" என்று எந்தத் தபதியும் சொல்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு மாதம் 8,000 ரூபாய் தருவதாகச் சொன்ன ஓர் இடத்திலும், முதல் மூன்று மாதம் "பழகும் காலம்", பணம் இல்லை என்றார்கள். திருவையாற்றிலிருந்து பேருந்தில் போய்வரும் செலவை யார் கொடுப்பது?

காபிக் கடைப் பலகை என்றீர்கள். என் போர்ட்ஃபோலியோவில் இரண்டாவது பக்கமே திருவையாற்றில் ஓர் அசோகா இனிப்புக் கடைக்கு நான் செய்த டப்பா. கடைக்காரர் இன்றும் அதில்தான் விற்கிறார். நீங்கள் பார்த்த போர்ட்ஃபோலியோக்களில் அது இல்லை என்றால், எத்தனை பக்கம் பார்த்தீர்கள்?

பாமணியாறு (மன்னார்குடி):

சுவாமிமலை எடுத்துக்காட்டை நான் சொன்ன கருத்துக்கு நேர்மாறாகத் திருப்பிவிட்டீர்கள். நான் பொறுமையைப் பற்றிச் சொன்னேன். சோற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

வெண்ணாறு (தஞ்சாவூர்):

சோற்றைப் பற்றித்தான் பேச்சே, ஐயா. ஒற்றை நிறமா, நான்கு நிறமா என்ற என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

அரசலாறு (கும்பகோணம்):

சரி, அம்மா. அசோகா டப்பா செய்தவர் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. அதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். நான் எவருடைய வேலையையும் திருடி அச்சிட்டவன் அல்லேன். உங்களுக்கு அதைச் செய்தவர் எவரோ, அவரிடம் போய்க் கேளுங்கள். சம்பளத்தை ஊர் முன்னால் எழுதுவது எங்கள் வழக்கம் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வாருங்கள். மேட்டரைக் கொடுக்கிறேன்; கடிகாரத்தை மேசைமேல் வைக்கிறேன். பதினொரு மணிக்குப் புரூஃப் வெளியே போகிறதா என்று பார்த்துவிடலாம்.

குடமுருட்டி (திருவையாறு):

அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி உண்டா?

அரசலாறு (கும்பகோணம்):

முதலில் இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள், பிறகு பேசலாம். கடையில் பார்ட்டி வந்து நிற்கிறார். மாப்பிள்ளையின் தலைப்பெழுத்தை மூன்றாவது முறையாக மாற்றச் சொல்கிறார். தரங்கம்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. இரவு வந்து எழுதுகிறேன்.